உள்பக்கம்

எங்கள் வீட்டில் புதுத் துணி வந்தால் முதலில் அதை உள்பக்கம் திருப்பித்தான் பார்ப்பார்கள். மதுரையில் தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் தையற்கடையிலிருந்து பாவாடை சட்டை வரும். பூப்போட்ட வெளிப்பக்கத்தை நான் தடவிக்கொண்டிருக்கும்போதே அம்மா கையிலிருந்து வாங்கிவிடுவார். தையலுக்கு வெளியே இரண்டு விரல் துணி விட்டிருக்கிறதா, பாவாடை அடியில் மூன்று டக் இருக்கிறதா, காஜா பிசிறில்லாமல் முடிந்திருக்கிறதா என்று பார்ப்பார். ஒட்ட வெட்டித் தைத்திருந்தால் பாவாடை மறுபடி கடைக்கே போகும். "வளர்ற பொண்ணுக்கு இப்படித் தச்சா அடுத்த வருசம் என்னண்ணே பண்றது?" என்பார். டெய்லர் அண்ணன் பதில் சொல்லாமல் டேப்பை எடுப்பார். அடுத்த வருடம் ஒரு டக்கைப் பிரித்துவிட்டால், வெயிலும் சோப்பும் படாத ஒரு வரி மட்டும் புது நிறத்தில் பாவாடையைச் சுற்றி ஓடும். மற்ற பெண்கள் அதை மறைக்கப் பார்ப்பார்கள். எனக்கு அந்த வரி பிடிக்கும்.

உலகத்தின் விலை உயர்ந்த பிராண்டுகள் மாறிவிட்டன, பகட்டை விட்டுப் பொருளின் தரத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் வந்துவிட்டன என்று இப்போது நிறையப் படிக்கிறோம். மாற்றம் உண்மைதான். அது என்ன மாற்றம் என்று எனக்கு விளங்கியது அம்மாவின் அந்தப் பழக்கத்தை நினைத்தபோதுதான். அன்று இந்த நிறுவனங்கள் உள்பக்கத்தைப் பூட்டி வைத்திருந்தன. மிச்சம் என்ன ஆகிறது, தோல் எங்கிருந்து வருகிறது, தைத்தது யார் என்று எதுவும் வெளியே தெரியாது. இன்று திருப்பிக் காட்டுகிறார்கள். சில இடங்களில் தாமாக, பல இடங்களில் வேறு வழியில்லாமல்.

2018 ஜூலையில் லண்டன் பர்பரி நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் இருந்த ஒரு கணக்கு செய்தியாயிற்று. அந்த நிதியாண்டில் மட்டும் விற்காமல் போன 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள சரக்கை அவர்கள் அழித்திருந்தார்கள். உடைகள், பைகள், வாசனைத் திரவியங்கள். ஐந்து ஆண்டுகளைச் சேர்த்தால் 9 கோடி பவுண்டுக்கு மேல். எரித்தபோது கிடைத்த வெப்பத்தைப் பயன்படுத்திக்கொண்டதாக நிறுவனம் விளக்கம் சொன்னது. இதே பர்பரியைத் தொடங்கிய தாமஸ் பர்பரிதான் 1879இல் கேபர்டின் என்ற துணியை உருவாக்கினார். நூலை நெய்வதற்கு முன்பே நீர் புகாதபடி பக்குவப்படுத்தி, நெருக்கமாக நெய்த துணி அது. மழையைத் தடுக்கும், காற்றை விடும். அந்தத் துணியில் தைத்த கோட்டு ஒருவரின் ஆயுள் முழுக்க வரும் என்பதுதான் அந்தக் கடையின் பெயரே. ஆயுள் முழுக்க வர வேண்டிய பொருளுக்குப் பேர்போன அந்த நிறுவனத்தின் அறிக்கையில், உடுத்தப்படாமலே அழிந்தவற்றின் கணக்கும் இருந்தது. அதைப் படித்த அன்று எனக்கு மனசே ஆறவில்லை.

ஏன் அழித்தார்கள்? நம் ஊரில் விற்காத துணிக்கு ஆடி மாதம் இருக்கிறது. பாதி விலைக்குத் தள்ளிவிடலாம். சொகுசுக் கடைகளில் பலவற்றுக்கு ஆடி கிடையாது. இரண்டு லட்சம் ரூபாய்ப் பை எங்கோ ஒரு தெருக்கடையில் இருபதாயிரத்துக்குக் கிடைத்தால், இரண்டு லட்சம் கொடுத்தவர் மறுமுறை வர மாட்டார் என்ற பயம். பொருளின் மதிப்பு தையலில் இல்லாமல், அது எத்தனை பேருக்குக் கிடைக்கவில்லை என்பதில் தங்கிவிட்டால் இந்தப் பயம் நியாயமாகவே தெரியும். கார்த்தியே, பியாஜே போன்ற கடிகாரப் பெயர்களை வைத்திருக்கும் ரிஷ்மோன் குழுமம், கடைகளில் தேங்கிய கைக்கடிகாரங்களைத் திரும்ப வாங்கியது. இரண்டு ஆண்டுகளில் அப்படி வாங்கியவற்றின் மதிப்பு 50 கோடி யூரோவை நெருங்கியது என்றும், பலவற்றைப் பிரித்து அழித்தார்கள் என்றும் அதே 2018இல் வெளியே வந்தது. சட்டமும் இதற்குத் துணை போனது. அமெரிக்காவில் இறக்குமதி செய்த பொருளைப் பயன்படுத்தாமல் அழித்தால், கட்டிய சுங்க வரியில் 99 சதவீதம் திரும்பக் கிடைக்கும். விற்பதைவிட அழிப்பது கணக்குக்கு ஒத்து வந்த காலம் அது.

செய்தி வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 2018 செப்டம்பரில், இனி அழிக்க மாட்டோம், விலங்கின் ரோமத் தோலும் பயன்படுத்த மாட்டோம் என்று பர்பரி அறிவித்தது. வாடிக்கையாளர்களின் கோபம்தான் அதைச் செய்ய வைத்தது. மற்ற நிறுவனங்களையும் வழிக்குக் கொண்டுவரச் சட்டம் தேவைப்பட்டது. பிரான்ஸ் 2020இல் ஒரு சட்டம் போட்டு, 2022 ஜனவரி முதல் விற்காத துணிமணிகளை அழிப்பதைத் தடை செய்தது. சொகுசுத் தொழிலின் தலைநகரே அந்த நாடு என்பதால் இது சின்ன விஷயமல்ல. பிறகு ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் 2024இல் விதி வந்தது. பெரிய நிறுவனங்கள் விற்காத உடையையும் காலணியையும் அழிக்கக் கூடாது என்பது 2026 ஜூலை 19 முதல். நடுத்தர நிறுவனங்களுக்கு 2030 வரை அவகாசம். எரிப்பதை நிறுத்தியது அழகுணர்ச்சியோ மனசாட்சியோ மட்டும் என்று எழுதினால் அந்தச் சட்டங்களுக்காக வருடக்கணக்காக வாதாடியவர்களுக்குச் செய்யும் துரோகம் ஆகும்.

இந்தத் தொழில் எப்போதுமே இப்படி இருந்ததில்லை. எர்மெஸ் 1837இல் பாரிசில் குதிரைச் சேணம் தைக்கும் பட்டறையாகத் தொடங்கியது. சேணத்தில் தையல் விட்டால் குதிரையிலிருந்து ஆள் விழுவான். அதனால் அந்தத் தையலுக்கு ஒரு முறை உண்டு. ஒரே நூல், மெழுகு தடவியது, இரு முனையிலும் இரு ஊசி. குத்தூசியால் போட்ட ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிரே நுழைந்து கடக்கும். ஒரு பக்கத்து இழை தேய்ந்து அறுந்தாலும் மறுபக்கத்து இழை பிடித்துக்கொண்டிருக்கும். மெஷின் தையல் அப்படியல்ல, ஓரிடத்தில் விட்டால் சரசரவென்று பிரிந்துகொண்டே போகும். எர்மெஸ் பையில் இன்றும் அந்தக் கைத்தையல்தான். ஒரு பையைப் பெரும்பாலும் ஒரே கைவினைஞர் ஆரம்பம் முதல் முடிவு வரை தைக்கிறார். தன் அடையாளக் குறியைக் கண்ணில் படாத ஓர் இடத்தில் பதிக்கிறார். பல வருடம் கழித்துப் பழுதுபார்க்க வந்தால் யார் கை என்று தெரிந்துவிடும். சொகுசு என்ற சொல்லுக்கு ஆதியில் இருந்த பொருள் இதுதான் என்று நினைக்கிறேன்.

பிறகு பொருள் மாறியது. 1984இல் பிரெஞ்சுத் தொழிலதிபர் பெர்னார் ஆர்னோ, தியோர் ஆடை நிறுவனம் இருந்த ஒரு நொடித்த துணிக் குழுமத்தை வாங்கினார். 1987இல் எல்விஎம்எச் என்ற சொகுசுக் குழுமம் உருவானது. குடும்பப் பட்டறைகள் பங்குச்சந்தைக் குழுமங்களாயின. பங்குதாரருக்கு ஒவ்வொரு காலாண்டும் வளர்ச்சி காட்ட வேண்டும். ஆனால் இரட்டை ஊசிக்காரர் ஒரு நாளில் தைப்பதை இரண்டு மடங்காக்க முடியாது. அதனால் பெயரை விற்றார்கள். கண்ணாடிச் சட்டகத்தில், பர்சில், சாவிக்கொத்தில், வாசனைப் புட்டியில் எழுத்துகள் பெரிதாயின. பொருள் மெலிந்தது.

அந்தக் காலத்திலேயே எதிர்த்திசையில் நடந்தவர்களும் இருந்தார்கள், அவர்களை மறக்கக் கூடாது. பெல்ஜியத்துக்காரரான மார்ட்டின் மார்ஜியேலா 1980களின் கடைசியில் பாரிசில் உடைந்த பீங்கான் தட்டுத் துண்டுகளைக் கம்பியால் கோத்து மேற்சட்டை செய்தார். ராணுவக் காலுறைகளைப் பிரித்து இணைத்து ஸ்வெட்டர் ஆக்கினார். குதிகால் பகுதி முழங்கையிலும் மார்பிலும் வளைந்து உட்காரும்படி வெட்டியிருந்தார். தையலை வெளியே காட்டினார், உள்துணியை மேலே போட்டார். அவர் சட்டையில் பிராண்டுப் பெயர்கூடக் கிடையாது. வெறும் வெள்ளைத் துண்டு, நாலு மூலையில் நாலு தையல். அன்று அதை விசித்திரம் என்றார்கள். இன்று பாரிசிலும் கோபன்ஹேகனிலும் பழைய ஜீன்ஸையும் படுக்கை விரிப்பையும் வெட்டித் தைக்கும் இளைஞர்கள் பலருக்கு அவர்தான் வாத்தியார். 2001இல் தோலும் ரோமமும் இல்லாமல் சொகுசுக் கடை நடத்துவேன் என்று தொடங்கிய ஸ்டெல்லா மெக்கார்ட்னியும் அப்படித்தான். தோல் பை இல்லாமல் லாபமே வராது என்பது அப்போது தொழிலில் எல்லோரும் நம்பிய கணக்கு. 2017இல் கூச்சி ரோமத்தை விட்டது, 2019இல் பிராடா விட்டது. ரோமத்தில் மட்டுமாவது இந்தப் பெரிய பெயர்கள் ஸ்டெல்லாவின் வழிக்கு வர ஏறக்குறைய பதினாறு வருடம் ஆகியிருக்கிறது.

மிச்சம்தான் இப்போது படைப்பின் மூலப்பொருள். பெரிய பிராண்டு ஒரு பட்டுத் துணியை ஆலையில் நெய்யச் சொன்னால் குறைந்தபட்ச அளவு என்று ஒன்று உண்டு. தேவை அதில் பாதியாக இருந்தாலும் முழுதும் வாங்கியாக வேண்டும். மீதி உருளைகள் கிடங்கில் தூங்கும். அவற்றை எடுத்து இளம் வடிவமைப்பாளர்களுக்குக் குறைந்த விலையில் விற்க எல்விஎம்எச் 2021இல் நோனா சோர்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கியது. மதுரையில் எங்கள் தெருமுனையில் இருந்த கட்பீஸ் கடை செய்த வேலைதான் இது. என்ன வித்தியாசம் என்றால், முன்பு இப்படி மிச்சம் இருக்கிறது என்று வெளியே தெரிவதே மானக்கேடாக இருந்தது. எர்மெஸ் இன்னும் முன்பே, 2010இல், பட்டறையில் மிஞ்சும் தோல், பட்டு, படிகக் கண்ணாடித் துண்டுகளை வைத்துப் பொருள் செய்ய 'பெத்தி ஆஷ்' என்ற தனிப் பிரிவைத் திறந்தது. அங்கே வேலை தலைகீழ். படம் வரைந்துவிட்டுப் பொருள் தேடுவதில்லை. கையில் இருக்கும் துண்டின் வடிவம் என்ன சொல்கிறதோ அதைச் செய்ய வேண்டும். கற்பனைக்கு இதைவிடக் கடினமான பரீட்சை இல்லை.

பிராடாவின் நைலான் கதை எனக்குப் பிடித்தது. 1984இல் மியூச்சா பிராடா, தோலுக்குப் பதில் தொழிற்சாலை நைலானில் கருப்புப் பை செய்தபோது அதையே துணிச்சல் என்றார்கள். நைலான் பெட்ரோலியத்திலிருந்து வருவது, மக்காதது. 2019இல் அந்த நிறுவனம் பழைய மீன்பிடி வலை, தரைவிரிப்பு, ஆலைக் கழிவு ஆகியவற்றிலிருந்து எடுத்த நைலானுக்கு மாறத் தொடங்கியது. இத்தாலியின் அக்வாஃபில் நிறுவனம் ஸ்லோவேனியாவில் இதைச் செய்கிறது. வலையை உருக்கி மறுபடி வார்ப்பதல்ல இது. நைலானை அதன் மூல வேதிப்பொருள் வரை பிரித்து, மறுபடி புதிதாகச் சேர்க்கிறார்கள். அதனால் தரம் குறைவதில்லை, எத்தனை முறையும் செய்யலாம். எல்லா முயற்சியும் இப்படி நிலைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பூஞ்சை வேரிழையிலிருந்து தோல் போன்ற பொருள் செய்த மைலோ, ஸ்டெல்லா மெக்கார்ட்னியின் கையில் அழகான உடையாகவும் பையாகவும் வந்தது. ஆனால் போதிய முதலீடு வராமல் 2023இல் உற்பத்தியே நின்றுவிட்டது.

பழுதுபார்ப்பும் திரும்பி வந்திருக்கிறது. போத்தேகா வெனெத்தா 2022இல் தன் முக்கியமான பைகளுக்கு ஆயுள் முழுக்கப் பழுதுபார்த்துத் தருவதாகச் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கியது. ரோலெக்ஸ் அதே ஆண்டு டிசம்பரில் பழைய கடிகாரங்களைச் சோதித்துத் தன் முத்திரையுடன் விற்க ஏற்பாடு செய்தது. செகண்ட் ஹேண்ட் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளித்த தொழில் இது.

இதெல்லாம் பொருளின் உள்பக்கம். கையின் உள்பக்கத்துக்கு வருவோம், அங்கேதான் எனக்கு அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

பாரிஸ் மேடையில் பளபளக்கும் ஒரு கவுனின் மணிவேலை, ஜரிகை வேலை, ஆரி வேலை இவற்றில் பெரும்பங்கு இந்தியாவில், குறிப்பாக மும்பையில் நடக்கிறது. பல பத்தாண்டுகளாக நடக்கிறது. பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்த ஆண்கள், மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியின் இருபுறமும் சம்மணமிட்டு உட்கார்ந்து தைப்பார்கள். துணிக்கு மேலே ஆரி ஊசி, அடியில் நூல் பிடித்த இன்னொரு கை. அந்த அடிக்கை எப்போதும் கண்ணுக்குத் தெரியாது. துணியின் மறுபுறத்தை விரலாலேயே பார்க்கும். முடிந்த துண்டு இத்தாலிக்கோ பிரான்சுக்கோ போய்ச் சட்டையாகும். கடைசி முக்கிய வேலை எந்த நாட்டில் நடந்ததோ அந்த நாட்டின் பெயரைப் போட ஐரோப்பிய விதி இடம் கொடுக்கிறது. லேபிளில் மும்பை வராது. தங்கள் எம்பிராய்டரி இந்தியாவில் நடக்கிறது என்று சொல்வதே மதிப்பைக் குறைக்கும் என்று பிராண்டுகள் நீண்ட காலம் எண்ணின.

2016இல் கெரிங், எல்விஎம்எச் உள்ளிட்ட சில குழுமங்கள் சேர்ந்து, மும்பைப் பட்டறைகளின் பாதுகாப்பை மேம்படுத்த 'உத்தான்' என்ற ஒப்பந்தம் செய்துகொண்டன. சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாத ஒப்பந்தம். 2020இல் நியூயார்க் டைம்ஸ் போய்ப் பார்த்தபோது, துணை ஒப்பந்தக்காரர்களின் இடுக்கான அறைகளில் நிலைமை பெரிதாக மாறியிருக்கவில்லை.

அதற்கு மூன்று ஆண்டு கழித்து, 2023 மார்ச் 30 அன்று, தியோர் தன் ஆடைக் காட்சியை மும்பை கேட்வே ஆஃப் இந்தியாவின் முன்னால் நடத்தியது. பின்னணியில் பிரம்மாண்டமான ஒரு தோரணம். நம் வாசலில் கட்டும் அதே தோரணம், கட்டட உயரத்துக்கு. தைத்தது சாணக்யா என்ற மும்பை நிறுவனத்தின் கைகள். தியோரின் அன்றைய தலைமை வடிவமைப்பாளர் மரியா கிராசியா கியூரி, சாணக்யாவின் கரிஷ்மா ஸ்வாலியுடன் தமக்கிருந்த நீண்ட கால உறவை மறைக்காமல் பேசினார். சாணக்யா 2016இல் தொடங்கிய கைவினைப் பள்ளியில் பெண்கள் இந்த வேலையைக் கற்கிறார்கள். ஆண்களின் தொழிலாகவே இருந்த ஒன்றில் இது எளிய காரியமல்ல. மும்பை என்ற பெயரையே விழுங்கிய தொழில், மும்பையிலேயே மேடை போட்டது. அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சிதான். சென்னையில் 1993 முதல் 'வஸ்த்ரகலா' நடத்தும் ழான் பிரான்சுவா லெசாஜ், பாரிசின் புகழ்பெற்ற எம்பிராய்டரிக் குடும்பத்தின் பிள்ளை. ஐரோப்பிய மாளிகைகளுக்கான வேலை தமிழ்நாட்டு மரச்சட்டங்களில் முடிகிறது என்பது இங்கே பலருக்குத் தெரியாது. 2020 ஜனவரியில் பாரிசில் ஓத் கூத்யூர் எனும் உயர்தரக் கைத்தையல் ஆடை வாரத்தில் முதல் இந்திய வடிவமைப்பாளராக ராகுல் மிஸ்ரா தன் பெயரிலேயே உடை காட்டினார். அடிக்கை மேலே வந்த தருணங்களில் அதுவும் ஒன்று.

மேடை வெளிச்சம் ஊதியத்தில் எவ்வளவு விழுகிறது? இதில் இத்தாலியே பெரிய அதிர்ச்சி கொடுத்தது. 2024 ஜூனில் மிலான் நீதிமன்றம் தியோரின் பை தயாரிக்கும் ஒரு துணை நிறுவனத்தை நீதிமன்றக் கண்காணிப்பில் வைத்தது. மிலானைச் சுற்றியுள்ள துணை ஒப்பந்தப் பட்டறைகளில் தொழிலாளர்கள் வேலை செய்த இடத்திலேயே தூங்கினார்கள். வேகம் கூட்டுவதற்காக இயந்திரங்களின் பாதுகாப்புக் கருவிகளைக் கழற்றியிருந்தார்கள். பட்டறைக்கு ஒரு பைக்குக் கொடுத்த கூலி 53 யூரோ. தோல் முதலிய மூலப்பொருள் செலவு தனி. கடையில் அந்தப் பை 2,600 யூரோ. மேம்பாடு செய்ததாகக் கூறி அந்தக் கண்காணிப்பு 2025 பிப்ரவரியில் நீக்கப்பட்டது. அர்மானிக்கும் இதே போன்ற நடவடிக்கை வந்தது. தன் அறநெறி பற்றி வாடிக்கையாளருக்குத் தவறான எண்ணம் தந்ததாக இத்தாலியின் போட்டி ஆணையம் 2025 ஆகஸ்டில் அதற்கு 35 லட்சம் யூரோ அபராதமும் விதித்தது. பெரு நாட்டு ஆண்டிஸ் மலையில் விக்குன்யா என்ற விலங்கின் ரோமத்தைக் கொடுக்கும் லுகானாஸ் ஊர்க்காரர்களுக்கு, 9,000 டாலர் ஸ்வெட்டர் ஒன்றுக்கான ரோமத்துக்குக் கிடைப்பது சுமார் 280 டாலர் என்று 2024இல் புளூம்பெர்க் எழுதியது. அழியும் நிலைக்குப் போன விக்குன்யா இனம் பல மடங்கு பெருகியது உண்மையான சாதனை. விலங்கைக் காப்பாற்றிய ஏற்பாட்டின் பலன், அதைக் காத்த மனிதரிடம் அதே அளவு போய்ச் சேரவில்லை.

இனி செருப்பு. 2025 ஜூன் 22 அன்று மிலானில் பிராடா ஆண்கள் உடைக் காட்சியில், கட்டை விரலுக்கு வளையமும் குறுக்குப் பட்டையும் வைத்த தட்டைத் தோல் செருப்புகள் நடந்து வந்தன. குறிப்பில் 'தோல் செருப்பு' என்று மட்டும் இருந்தது. இந்தியாவில் பார்த்த குழந்தைக்கும் தெரியும், அது கோலாப்பூரி. மகாராஷ்டிராவின் கோலாப்பூர், சாங்லி, சதாரா, சோலாப்பூர், கர்நாடகத்தின் பெலகாவி, பாகல்கோட், தார்வாட், விஜயபுரா ஆகிய எட்டு மாவட்டங்களுக்கும் சேர்த்து 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. எருமை, மாட்டுத் தோல். கருவேலம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதப்படுத்துவார்கள். நல்ல ஜோடியில் ஆணி இருக்காது; தோலையே நூலாகக் கீறித் தைப்பார்கள். புதிதில் கடிக்கும், கிரீச்சென்று சத்தம் போடும். எண்ணெய் தடவிப் பத்து நாள் போட்டால் காலின் அச்சு அதில் விழுந்துவிடும். பிறகு அது அந்தக் காலுக்கு மட்டுமான செருப்பு. ஊர்ச் சந்தையில் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும்.

எதிர்ப்பு கிளம்பியது. மகாராஷ்டிர வர்த்தக சபை கடிதம் எழுதியது. சில நாளில், இந்தியக் கைவினைதான் தூண்டுதல் என்று பிராடா ஒப்புக்கொண்டது. ஜூலையில் அதன் குழு கோலாப்பூர் வந்து பட்டறைகளைப் பார்த்தது. டிசம்பரில் இரு மாநிலங்களின் தோல் தொழில் வாரியங்களோடு ஒப்பந்தம் போட்டது: அந்த மாவட்டக் கைவினைஞர்களோடு சேர்ந்து 2,000 ஜோடி செய்வது, ஜோடி சுமார் 800 யூரோ, கூடவே கைவினைஞர்களுக்குப் பயிற்சி. பத்து வருடம் முன்னால் இப்படி ஒன்று நடந்திருந்தால், எங்கோ ஒரு மூலையில் நாலு கட்டுரை வந்து அடங்கியிருக்கும். பாரிசின் பெரிய பெயர்கள் நம் மோட்டிஃபை எடுத்ததும், நாம் அதைப் பெருமையாகவே எண்ணிப் போனதும் எத்தனையோ முறை. இந்த முறை ஆறு மாதத்தில் 'தோல் செருப்பு' என்ற சொல்லுக்குப் பின்னால் எட்டு மாவட்டங்களின் பெயர் வந்துவிட்டது. அதனால் இது எனக்குப் பெரிய செய்தி. அந்த 800 யூரோவில் ஊசி பிடித்தவருக்கு எவ்வளவு என்பதையும் அதே சத்தத்தில் கேட்க வேண்டும்.

கடுக்காய், பட்டை என்றதும் நம் பக்கத்துத் தோல் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதப்படுத்திய தோல்தான் 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்ற பெயரில் கப்பலேறியது. 2008இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பட்டைத் தொட்டியில் தோல் வாரக்கணக்கில் ஊற வேண்டும். குரோம் உப்பு வந்ததும் அதே வேலை ஒரு நாளில் முடிந்தது. குரோம்பேட்டைக்கு அந்தப் பெயரே ஒரு குரோம் தோல் கம்பெனியால் வந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை உலகத்துக்கே தோலும் ஷூவும் கொடுத்தன; பாலாற்றங்கரைக் கிணறுகள் உப்புக் கரித்தன, வயல்கள் வெளுத்தன. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே செலவைக் கொடுக்க வேண்டும் என்று சொன்னது வேலூர் மக்கள் போட்ட வழக்கில்தான். 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக அந்த நீதிமன்றம் மறுபடி தீர்ப்பெழுத வேண்டியிருந்தது. இன்று ஐரோப்பியக் கடைகளில் 'தாவரப் பதனிட்ட தோல்' என்று தனியாக எழுதி, கூடுதல் விலை வைக்கிறார்கள். அந்தச் சீட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பாலாற்று மணல் ஞாபகம் வருகிறது.

இனி ஐரோப்பாவில் உடைகளுக்கு ஒரு டிஜிட்டல் அட்டை வரப்போகிறது. கைபேசியைக் காட்டினால் எந்த இழை, எங்கே செய்தது, எப்படிப் பழுதுபார்ப்பது என்று தெரிய வேண்டும் என்பது நோக்கம். அம்மாவுக்குப் புரிகிற விஷயம் இது.

என்னிடம் ஒரு கோலாப்பூரி இருக்கிறது. பன்னிரண்டு வருடம் முன்னால் கோலாப்பூருக்குப் போன தோழி வாங்கி வந்தது. போன மாதம் விரல் வளையம் விட்டுப்போனது. பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் குடையடியில் உட்கார்ந்திருக்கும் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் முதலில் வளையத்தைப் பார்க்கவில்லை. செருப்பைக் கவிழ்த்து அட்டையைக் கட்டை விரலால் அழுத்தினார். ஓரத்தைத் திருப்பி, தோல் நூல் உள்ளே எப்படிப் போயிருக்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஆணியே இல்லையேக்கா" என்றார். இன்னொரு செருப்பையும் கேட்டு வாங்கினார். "நூலும் தோலுதான். ஈரத்துல இழுத்து வாங்கியிருக்கான். நல்ல கை."

குத்தூசியை மெழுகில் ஒரு முறை இழுத்துக்கொண்டு, பழைய துளையிலேயே நுழைத்தார். புதுத் துளை போடவில்லை. நூலை இறுக்கி முடிச்சைத் தோலுக்கு அடியில் தள்ளியபடி, தலை நிமிராமல் கேட்டார்.

"யாருக்கா தச்சது இது?"